வான்கோழி கண்ணாடி போடுமா?

முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவன் நான். "இதில் முட்டை இருக்கிறதா?" என்று கேட்டுக் கேட்டே மேற்கு ஆக்லாந்தின் பாதி பேக்கரிக்காரர்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு வசந்த காலத்துச் சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே எழுந்து, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வான்கோழி வேட்டைக்குப் போனேன். காரணம் ஒன்றுதான். எனக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. (இப்போதும் வராது. எங்கள் தெருவில் யார் ஊருக்குப் போனாலும் அவர்கள் வீட்டுப் பூனைக்கு நான்தான் சாப்பாடு வைக்கிறேன். எனக்குப் பூனை என்றால் பயம்.)

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் மனைவி கோமதியும் திருநெல்வேலியிலிருந்து நியூசிலாந்துக்கு வந்து ரானுயியில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். நிரந்தரமாகத் தங்க விசா கொடுத்திருந்தார்கள். வேலைதான் கிடைக்கவில்லை. எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் "நியூசிலாந்து அனுபவம் உண்டா?" என்று கேட்பார்கள். வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். பல மாதம் அலைந்தபின் ஹெண்டர்சனில் அலுமினிய ஜன்னல் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டார்கள் என்றால் சோதனைக்காக. ஆள் சரிப்பட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் கையைக் குலுக்கி அனுப்பிவிடுவார்கள். கோமதிக்கு அப்போது ஐந்தாம் மாதம். இந்த வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பதுதான் எங்கள் வீட்டில் காலையிலும் மாலையிலும் பேச்சு.

அதை முடிவு செய்ய வேண்டியவர் மேனேஜர் கெவின். ஆள் கதவு உயரம். குளிர்காலத்திலும் அரை டிராயர்தான் போடுவார். என் முழுப் பெயர் சங்கரலிங்கம் என்று அறிந்ததும் சற்று யோசித்துவிட்டு, அன்றிலிருந்து 'ஷங்க்' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் மண்டைக்குள் அது தமிழாகத்தான் ஓடியது, அப்படியே எழுதுகிறேன்.)

"ஷங்க், ஹெலன்ஸ்வில் தாண்டி என் மனைவியின் மாமாவுக்கு ஒரு பண்ணை இருக்கிறது. காட்டு வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக வந்து புல்லையெல்லாம் பாழாக்குகின்றன. சனிக்கிழமை வேட்டைக்குப் போகிறேன். உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே, வருகிறாயா?"

எனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே என்று அவர் சொன்னதற்கு ஒரு பின்கதை உண்டு. இன்டர்வியூவில் "காடு மலை என்று சுற்றுவது பிடிக்குமா?" என்று கேட்டார். ரொம்பப் பிடிக்கும் என்றேன். (குற்றாலத்தில் குளித்திருக்கிறேன்.) அதோடு விட்டிருக்கலாம். "எங்கள் மாமா வனத்துறையில் இருந்தார்" என்றும் சொல்லிவைத்தேன். சொன்னது உண்மைதான். மாமா வனத்துறையில் குமாஸ்தா. ஜங்ஷன் பக்கத்து ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்த்த ஒரே வனவிலங்கு, கோப்பு அலமாரிக்குள் குட்டி போட்ட எலி.

"வருகிறேன்" என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அன்று மாலை பக்கத்து வீட்டுச் சிவநேசன் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு முன்பே வந்து இந்த ஊரில் காலூன்றியவர். எதற்கும் பதறாதவர்.

"தம்பி, மேனேஜர் கூப்பிடேக்க மாட்டன் எண்டு சொல்லக்கூடாது. ஓம் எண்டு சொன்னது நல்ல விஷயம். தங்களோட சேர்ந்து திரியிற ஆளைத்தான் இவங்கள் வேலையில வச்சிருப்பாங்கள். நீர் யோசிக்காமப் போயிட்டு வாரும்" என்று சொல்லி, தன் கம்பூட் (சேற்றில் நடக்கிற ரப்பர் பூட்ஸ்) ஒரு ஜோடியையும் கொடுத்தார். அவர் கால் என் காலைவிடப் பெரியது.

கோமதி ஒப்புக்கொள்வாளா என்பது அடுத்த கவலை. மனைவி உண்டாகியிருக்கும்போது புருஷன் எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்று எங்கள் பக்கம் கட்டுப்பாடு. கொசு அடிப்பதைக்கூட அவள் நிறுத்தி வைத்திருந்தாள். எனக்குத் துப்பாக்கி உரிமம் கிடையாது, சுடப்போவது கெவின்தான், பெட்டை வான்கோழி மாதிரி சத்தம் கொடுத்துச் சேவலைக் கூப்பிடுவது மட்டும்தான் என் வேலை என்று விளக்கினேன்.

"கூப்பிடத்தானே போறீய? கூப்பிடுறதுல பாவம் இல்ல" என்றாள் முதலில். இரண்டு நிமிஷம் கழித்து அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆசை காட்டிக் கூப்பிட்டு அடுத்தவன் துப்பாக்கிக்கு முன்னால நிறுத்துறதுக்குப் பேரு என்னவாம்?" என்றாள். நான் சிவநேசன் அண்ணனின் கம்பூட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். "சரி, வேலைக்காகப் போறீய. ஆனா அந்தச் சவத்துக் கோழிய மட்டும் என் அடுக்களைக்குள்ள கொண்டு வரக்கூடாது" என்று முடித்துவிட்டாள்.

அது இன்னொரு சிக்கல். பறவை கிடைத்தால் பாதி உனக்கு என்று கெவின் ஏற்கெனவே பெரிய மனதோடு அறிவித்திருந்தார். அதற்கும் நான் தலையாட்டியிருந்தேன்.

நமக்கு எந்த வேலை வந்தாலும் முதலில் புத்தகம் வேண்டும். நூலகத்தில் வான்கோழி வேட்டை பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. எடுத்துவந்து பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன். முக்கியமான வரிகளைக் கோமதியிடம் ஒப்பித்தும் காட்டினேன். வசந்த காலத்தில் சேவலுக்குக் கல்யாண ஆசை. ஆனால் சேவல் இருந்த இடத்தில் நின்று கத்தும், பெட்டைதான் தேடிப் போக வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். நாம் அதைத் தலைகீழாக்கி மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு நடக்க வைக்க வேண்டும். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். அசையக் கூடாது. குறைவாகக் கூப்பிட வேண்டும், அது பதில் கொடுத்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எங்கே போனாள் இவள் என்று தவித்துத் தேடி வரும்.

"இவ்வளவு விவரம் என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அன்னைக்கு பேசிக்கிட்டே இருந்தீய" என்றாள் கோமதி.

கூப்பிடுவதற்கு ஒரு மரப்பெட்டி உண்டு. சோப்பு டப்பா அளவு இருக்கும். மூடியில் சாக்கட்டி தேய்த்து, பெட்டியின் விளிம்பில் இழுத்தால் பெட்டை வான்கோழி கத்துகிற சத்தம் வரும். கெவின் அதைக் கொடுத்துப் பழகச் சொன்னார். பழகினேன். தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் ஊளையிட்டன. வயிற்றுக்குள் பிள்ளை முதன்முதலாக அசைந்தது அப்போதுதான் என்று கோமதி இன்றைக்கும் சொல்கிறாள்.

கெவின் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உன் மேல் இருக்கவே கூடாது. ஆண் வான்கோழியின் தலை இந்த மூன்று நிறம்தான். புதருக்குள் அந்த நிறம் அசைந்தால் சுடுபவன் கண்ணுக்குப் பறவை மாதிரித் தெரியும். போன ஆளே திரும்பி வராமல் போயிருக்கிறான்."

உயிர் விஷயமாயிற்றே. வெள்ளைப் பனியனைக் கழற்றிப் போட்டேன். வெள்ளைச் சாக்ஸை மாற்றினேன். சட்டைப் பையில் இருந்த நீலப் பேனாவைக்கூட எடுத்து வைத்தேன். பச்சைச் சட்டை, பழுப்புக் கால்சட்டை, பழைய துணிக் கடையில் வாங்கிய பச்சைக் குரங்குக் குல்லா. கண்ணாடியில் பார்த்தபோது முருங்கை மரம் மாதிரி இருந்தேன், திருப்தியாகவும் இருந்தது.

சனிக்கிழமை இருட்டோடு கெவினின் யூட் வாசலில் வந்து நின்று உறுமியது. (பின்பக்கம் திறந்திருக்கும் வண்டி. இந்த ஊரில் ஆண்பிள்ளை என்றால் அது ஒன்று வேண்டும்.) குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பியவனைக் கோமதி நிறுத்தினாள்.

"நில்லுங்க. துப்பாக்கி இருக்கிற இடத்துக்குப் போறீய, வெறும் நெத்தியோடவா போறது?"

துணி அலமாரியின் மேல்தட்டுதான் எங்கள் பூஜையறை. அங்கேயிருந்து திருநீறை அள்ளி, தண்ணீர் தொட்டுக் குழைத்து, என் நெற்றியில் மூன்று விரலால் பட்டையாக இழுத்தாள். சாதாரண நாளில் கீற்று மாதிரிதான் பூசுவாள். அன்றைக்கு ஆபத்து அதிகம் என்பதால் அளவும் அதிகம். நடுவில் திருச்செந்தூர்க் குங்குமத்தை எட்டணா அகலத்துக்கு வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, குல்லாவைப் புருவம் வரை இழுத்து மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். கெவினும் பார்க்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பனியனைக் கழற்றியவனுக்குத் திருநீறு ஒரு நிறம் என்பது புத்தியில் எட்டவே இல்லை. அது நம் நெற்றி, அவ்வளவுதானே!

பண்ணையில் போய் இறங்கியபோது வானம் லேசாக வெளுத்திருந்தது. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் வரிசையாகப் பெரிய மரங்கள். அதில் ஒன்றின் அடியில் என்னை உட்கார வைத்தார். அவர் துப்பாக்கியோடு முன்னால் போய், வேலி மூலையில் ஒரு மேட்டில் பதுங்கினார். எங்களுக்கு நடுவில் ஆளுயரத்துக்குக் கோரை வளர்ந்த ஒரு பள்ளம். என் சத்தத்தை நம்பி வரும் சேவல் அவரைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அதுதான் திட்டம்.

"நான் வந்து தோளைத் தட்டும் வரை இந்த இடத்தை விட்டு அசையாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தேன். தூரத்தில் குன்றுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. தொண்டைக்குள் கோலிக்குண்டுகளை உருட்டியது போல ஒரு சத்தம். எனக்குப் புல்லரித்துவிட்டது. வாழ்க்கையில் நான் கூப்பிட்டு முதல் தடவையிலேயே யாரும் ஏன் என்று கேட்டதில்லை. வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற பாடம் அந்தச் சந்தோஷத்தில் பறந்துவிட்டது. இழுத்தேன், பதில் வந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி பதில். கொஞ்ச நேரம் இப்படிச் சொந்தக்காரர்கள் போனில் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று பதில் நின்றுவிட்டது.

வேர்த்துக் கொட்டியது. காது நன்றாகக் கேட்கட்டும் என்று குல்லாவைக் கழற்றினேன். சத்தமே இல்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டார், கூடவே என் வேலையும் போகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் புத்தகம் ஞாபகம் வந்தது. சேவல் வராமல் நின்றுவிட்டால், கூப்பிடுகிறவர் இடம் மாறிக் கூப்பிட வேண்டும் என்று ஓர் அத்தியாயமே இருந்தது. (துணைக்கு வந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற வேண்டும் என்று அதே பக்கத்தில் அடுத்த வரி. அந்த வரியை நான் ஒப்பிக்கவில்லை.) கெவின் அசந்துபோகட்டும் என்று, நான்கு காலில் தவழ்ந்து பள்ளத்துக்குள் இறங்கினேன். கோரைக்கு நடுவில் போய் மண்டியிட்டுப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது என்று பார்க்கத் தலையை மட்டும் மெல்ல மேலே தூக்கினேன்.

இனி கெவின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். அவருக்கு எதிரே கோரைக்குள் பெட்டையின் சத்தம். அடுத்த நொடி அங்கே ஒரு தலை எழும்புகிறது. வெள்ளை, நடுவில் சிவப்பு. அது மெதுவாக இடமும் வலமும் திரும்புகிறது. துப்பாக்கியைத் தோளில் பொருத்திவிட்டார். விரல் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. நல்ல வேட்டைக்காரர் என்பதால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பறவையின் மார்பில் தொங்கும் தாடியைக் கண்ணால் பார்க்காமல் சுட மாட்டார். தாடியைத் தேடினார். அந்த நேரம் சூரியன் குன்றுக்கு மேலே எட்டிப் பார்த்தது. வெள்ளைக்கும் சிவப்புக்கும் கீழே ஏதோ பளிச்சென்று மின்னியது.

வான்கோழி கண்ணாடி போடுமா?

எனக்குத் தெரிந்ததெல்லாம், மேட்டிலிருந்து ஒரு மனிதன் கத்திக்கொண்டே எழுந்ததுதான். துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை உருவிக் கீழே போட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ஷங்க்! கடவுளே! உன் தலையில் என்ன?" என்று கத்தினார். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வெள்ளையும் சிவப்பும் ஒட்டியிருந்தது. கோமதி முகம், பிறக்காத பிள்ளையின் முகம் எல்லாம் வந்து போயின. உயிரோடு இருக்கிறேன் என்ற நிம்மதியில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழ நேரம் கிடைக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், கோலிக்குண்டு உருண்டது.

திரும்பினேன். மாப்பிள்ளை எங்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்துவிட்டிருந்தார். இடுப்பு உயரம், விரித்த வால், தரையைத் தேய்க்கும் சிறகு. தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம். என் நெற்றியைப் பார்த்தார். பெட்டையின் குரல் கேட்டு ஆசை ஆசையாக நடந்து வந்தால், அங்கே இன்னொரு சேவல் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கும் அவருக்கும் நீலம் ஒன்றில்தான் வித்தியாசம், பயத்தில் அதுவும் எனக்கு வந்திருக்கும். யாருக்குத்தான் கோபம் வராது?

ஓடினேன். சிவநேசன் அண்ணனின் கம்பூட்டில் ஒன்று சேற்றிலேயே நின்றுவிட்டது. முதுகில் இரண்டு உதை விழுந்தது. (வான்கோழி உதைக்கும். புத்தகத்தில் இல்லை.) "சுடுங்கள்! சுடுங்கள்!" என்று கத்தினேன். கொல்லாமை விரதமெல்லாம் அந்த ஓட்டத்தில் ஞாபகம் இல்லை. தோட்டாவைக் கீழே போட்டுவிட்டு நின்றவர் எதைச் சுடுவார்! வேலிக் கதவை எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. யூட்டுக்குள் விழுந்து கதவைச் சாத்தினேன். சேவல் விடவில்லை. பளபளவென்று இருந்த வண்டிக் கதவில் தன் உருவத்தையே பார்த்துவிட்டு, இங்கேயும் ஒருத்தனா என்று கொத்தியது. அலுத்துப்போகும் வரை கொத்திவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குன்றைப் பார்த்து நடந்தது.

கெவின் வந்து ஏறினார். கதவில் விழுந்திருந்த சொட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை போய்விட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் மாமிசம் சாப்பிடுவதில்லை. மாமா குமாஸ்தா. காடு என்றால் எனக்குக் குற்றாலம். நெற்றியில் இருப்பது, எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று என் மனைவி பூசியது.

"உன்னைப் பாதுகாக்கவா?" என்றார்.

"ஆமாம்."

அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் ஏன் வந்தாய்?" என்று கேட்டார்.

"நீங்கள் கூப்பிட்டீர்கள். வேலை நிரந்தரமாக வேண்டுமே."

"அட, அதைப் போன வாரமே முடிவு செய்தாயிற்று. நீ வரைந்தபடி செய்த ஜன்னல் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. திரும்பும்போது வண்டியில் சொல்லி உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன்" என்றார். "புது ஊரில் தனியாக இருக்கிறாயே என்று என் மனைவிதான் உன்னையும் கூட்டிப் போகச் சொன்னாள். எனக்குத் தனியாக வேட்டையாடத்தான் பிடிக்கும்."

ஆக, அவருக்கும் விருப்பம் இல்லை, எனக்கும் விருப்பம் இல்லை. வான்கோழி ஒன்றுதான் உண்மையான ஆர்வத்தோடு வந்திருந்தது.

வீட்டு வாசலில் ஒற்றைக் கம்பூட்டோடு இறங்கியபோது கோமதி முதலில் பார்த்தது என் கையை. "கோழி இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். வேலை நிரந்தரம் என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நான் இருக்கிறேன், வேலை இருக்கிறது, கெவின் கொலைகாரன் ஆகவில்லை, சேவலும் குன்றுக்குப் பின்னால் சௌக்கியமாக இருக்கிறது. அவ்வளவு லேசான மனதோடு நான் அதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்ததில்லை. அழுது முடித்தபின் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாத்தீயளா, துண்ணூறுதான் காப்பாத்திச்சு" என்றாள். அந்தத் துண்ணூறால்தான் சாகப் பார்த்தேன் என்று நான் வாதாடினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாதாடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மகள் எப்போதும் நடுவில் புகுந்து, "டாட், இட் வாஸ் ஜஸ்ட் எ சிக்கன்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கெவின் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை வருகிறது. அதில் வான்கோழி படம் இருக்கும். பேனாவால் அதற்கு ஒரு மூக்குக் கண்ணாடியும் நெற்றியில் மூன்று கோடும் போட்டிருப்பார்.

கோமதி கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தாள். என்னைக் காப்பாற்றியதில் திருநீறு பாதி, கண்ணாடி பாதி. அன்றிலிருந்து நான் பால் வாங்க டெய்ரிக்குப் போனாலும் சரி, நெற்றியில் பூசிவிட்டு, "கண்ணாடி இருக்கா?" என்று பார்த்துத்தான் அனுப்புவாள். சென்ற வருடம் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆயிற்று. இனி உங்களுக்குக் கண்ணாடியே தேவையில்லை என்று டாக்டர் கையைக் குலுக்கினார். பக்கத்தில் இருந்த கோமதிக்கு முகம் வாடிவிட்டது. "அவருக்கு என்ன தெரியும், அவரா வான்கோழி வேட்டைக்குப் போனாரு?" என்று சொல்லி, மறுநாளே பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஒன்று வாங்கிவந்தாள்.

'மாட்டேன்' என்று சொல்ல எனக்குத்தான் வராதே. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன்.